அளவே மருந்து
எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உண்ணும் முறையும் தேறும் முறையும்
(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னை இலக்கியம் குறித்துப் பேசுமாறு கேட்டனர். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் தமிழ் கற்பித்த ஒருத்தியிடம் அதைத்தான் கேட்பர். ஆயினும் இவ்வாண்டு வேறொரு பொருளைப் பேச இசைவு பெற்றேன். நம் குடும்பங்களில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் சிலர் இன்று உளர். செய்துகொள்ளலாமா என்று எண்ணிக்கொண்டிருப்போரும் உளர். என் தங்கையும் அவருள் ஒருத்தி. அவள் இசைவுடனேயே அவளைப் பற்றி இங்குக் கூறுகின்றேன்.

இதனை ஏன் சமூக மேடையில் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வருவது வாழ்நாள் முழுதும் நீளும் உணவு ஒழுக்கம். உணவு என்று வரும்போது நமக்கென வகுக்கப்பட்ட நெறிகள் பல. புலாலும் தேனும் கள்ளும் விலக்குகின்றோம். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. கிழங்கு விலக்கும் இல்லங்கள் பல. பருவ நாள்களில் நோன்பு இயற்றுகின்றோம். மருத்துவமனை தரும் உணவுப் பட்டியலிலோ முட்டை வெண்கருவும் கோழிச்சாறும் மசித்த உருளைக்கிழங்கும் இருக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நோயாளி தனித்து நின்று திகைக்கின்றார். அத்திகைப்பை நீக்குதல் நம் அனைவர் கடன்.

தமிழாசிரியை ஆதலின் ஒரு நூற்பெயர் கொண்டு தொடங்குகின்றேன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணப் புலவர் இயற்றியவை. இரண்டும் மருந்தின் பெயரைத் தாங்கியவை. ஏலாதி என்னும் மருந்து ஏலம் முதலாகச் சுக்கு ஈறாக ஆறு சரக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என ஏறிச்செல்லும் பங்குகளாகக் கூட்டிச் செய்வது என்பது மரபு. சரக்குகள் ஆறும் இருந்தும் பங்கு பிழைத்தால் அது ஏலாதி ஆகாது. மருந்துக்கு அளவு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிந்த மரபு நம்முடையது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவும் அத்தகையதே. அஃது அளவோடு கூட்டவேண்டிய மருந்தாகிவிடுகிறது. அளவு என்றவுடன் குறைத்தல் என்று மட்டும் பொருள் கொள்ளுதல் கூடாது. மிகாமை போலவே குறையாமையும் அளவுதான். இன்றைய என் உரையின் சாரம் இதுவே.

முதலில் இச்சிகிச்சை என்ன செய்கிறது என்பதைச் சுருங்கக் காண்போம். நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று 'ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி' என்பது. இதில் இரைப்பையின் ஏறத்தாழ முக்காற் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு நேந்திரங்காயின் வடிவில் குழாயாக நிற்கும். மற்றொன்று 'காஸ்ட்ரிக் பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கின்றனர். உணவு குறைவாகவே கொள்ளும். சத்துகள் உட்கொள்ளப்படுதலும் குறையும். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர் 1960களில் தொடங்கிய முறை பின்னர்த் திருத்தம் பெற்று இவ்வாறு வளர்ந்தது.

இரைப்பை சிறுத்ததனால் மட்டுமே எடை குறைகிறது என்று கருதுதல் முழு உண்மையாகாது. 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'கிரெலின்' என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். பசியைத் தூண்டும் இச்சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் தோன்றுகிறது. ஸ்லீவ் முறையில் அப்பகுதியே நீக்கப்படுவதால் பசியுணர்வு வெகுவாகக் குறைகிறது.

இங்கேதான் ஒரு நுட்பம் உளது. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு உண்ணும் முறை பற்றியன. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் உண்ணுதல் அங்குச் சொல்லப்படும் நெறி. 'பசித்துப் புசி' என்பது நம் வழக்கு. ஆனால் இவர்களுக்கு முதற் சில திங்கள் பசியே வாராது. பசியை நம்பி இருந்தால் உணவின்றியே நாள் கழிந்துவிடும். ஆதலின் பசி செய்த வேலையைக் கடிகாரமும் அளவுக் குவளையும் செய்ய வேண்டும். என் தங்கை வீட்டுச் சமையலறையில் 50 மி.லி. குவளை ஒன்றும், நேரங்கள் எழுதிய தாள் ஒன்றும் ஓராண்டு வரை இருந்தன.

இனி, உணவின் படிநிலைகளைக் கூறுகின்றேன். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு வேறுபடும். நும் மருத்துவர் கூறுவதே முடிவானது. பொதுவான வரிசையை மட்டும் நம் சமையலுக்கு ஏற்பச் சொல்கின்றேன்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்மங்கள் மட்டும். வெந்நீர், வடிகட்டிய பருப்புத் தெளிவு, சுரைக்காயையோ பூசணிக்காயையோ வேகவைத்து வடித்த சாறு ஆகியவற்றைச் சிறு சிறு மிடறாகப் பருக வேண்டும். பின் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை முழு நீர்மங்கள். கொழுப்பு நீக்கிய பால், நீர்மோர், கடைந்து வடித்த பருப்பு நீர், மருத்துவர் எழுதித்தரும் புரதப் பொடி ஆகியன இதில் அடங்கும். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பாசிப்பருப்புக் குழைவு, தயிர், பாலோடு மசித்த பன்னீர், பரங்கிக்காயும் புடலங்காயும் வேகவைத்து அரைத்த கூழ் என்பன ஏற்றவை. உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் இவை நன்றாகவே ஈடாகும். அதன்பின் மென்மையான உணவு. ஆறு முதல் எட்டு வாரம் கடந்தபின் வழக்கமான உணவு மெல்ல மெல்லத் திரும்பும்.

வழக்கமான உணவு என்றேன். பழைய உணவு என்று கூறவில்லை. குழைந்த சோறும், மென்மையான ரொட்டியும், பூரியும் பலருக்கு அடைத்துக்கொள்ளும். மூன்று வயது முதல் சோறுண்டு வளர்ந்த நமக்குச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும் துயர். ஐந்தாம் திங்களில் ஒருநாள் என் தங்கை இரண்டு கவளம் பருப்புச் சோறு உண்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். வலி தணிந்தபின், "அக்கா, சோறு எனக்கு அயலாகிவிட்டது" என்று அழுதாள். இவ்வழுகையைக் குடும்பத்தார் சிறுமையாக எண்ணுதல் கூடாது. உணவு என்பது தாயின் நினைவு, விழாவின் மகிழ்ச்சி, மனச்சோர்வின் ஆறுதல். அதனை இழந்தவருக்கு ஒருவகைப் பிரிவுத்துயர் உண்டு. சில திங்களில் சோறு சிறிதளவு ஒத்துக்கொண்டது. அதுவரை அவள் பக்கத்தில் அமர்ந்து நாங்கள் பொறுமையாக இருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை.

உண்ணும் முறையில் நான்கு விதிகள். முதலாவது, சிறு கவளமாக எடுத்து இருபது முப்பது முறை மெல்லுதல். ஒருவேளை உணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகலாம். இரண்டாவது, நிறைவு தோன்றிய அக்கணமே நிறுத்துதல். எஞ்சிய ஒரு கவளம் வீணாகுமே என்று உண்டால் வலியும் வாந்தியும் வரும். மூன்றாவது, இலையில் புரதத்தை முதலிலும் காய்கறியை அடுத்தும் சோற்றை இறுதியிலும் உண்ணுதல். நான்காவது, உண்ணும்போதும் உண்டபின் அரைமணி நேரமும் நீர் பருகாமை. நீர் உணவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நிறைவு நில்லாது.

இவற்றுள் நமக்கு இடர் தருவன புரதமும் நீரும்.

நாள்தோறும் 60 கிராம் அளவேனும் புரதம் வேண்டும் என்பர் மருத்துவர். குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், மயிர் உதிரும், புண் ஆறுதல் தாமதமாகும். முட்டையின்றி இயலுமா என்று அஞ்ச வேண்டுவதில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 16 கிராம் புரதம் உண்டு. 75 கிராம் பன்னீரில் 13 கிராம். உலர்ந்த நிலையில் 60 கிராம் எடைகொண்ட பருப்பில் 14 கிராம். 100 கிராம் தயிரில் 3 கிராம். ஆக 46 கிராம் ஆயிற்று. எஞ்சியதைப் புரதப் பொடியோ சோயாவோ நிறைவு செய்யும். தொடக்கத் திங்கள்களில் இவ்வளவு உணவு கொள்ளாது. ஆதலின் பொடியின் பங்கு அப்போது கூடும். பொடியை வாங்குமுன் அதன் மூலப்பொருள் பட்டியலையும் பச்சைப் புள்ளியையும் பார்த்து வாங்குதல் நம் வழக்கப்படி நன்று.

அடுத்து இரவுண்ணாமை. கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கும் நம் வழக்கம் இந்நோயாளிகளுக்கு இடையூறாகுமோ என்று பலர் வினவுகின்றனர். சிறிது திட்டமிட்டால் இடையூறு இல்லை. காலை ஏழரை, பத்து, பன்னிரண்டரை, மூன்று, ஐந்தரை என ஐந்து வேளையாக உணவைப் பிரித்துக்கொள்ளலாம். படுக்கைக்குச் செல்லுமுன் வயிறு இலகுவாக இருப்பதால் எதுக்களித்தலும் குறையும்.

நீருக்குத்தான் கணக்கு வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர்மம் தேவை. இரவில் நீரும் பருகாத கடுமையான விரதமுடையோர் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதனை முடிக்க வேண்டும். உணவு வேளை ஒன்றுக்கு உண்ணும் நேரமும் பின் காத்திருக்கும் அரைமணியுமாக ஏறத்தாழ 55 நிமிடம் கழிகிறது. ஐந்து வேளைக்கு நான்கரை மணிக்கு மேல். எஞ்சுவது ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஒன்றரை லிட்டர் எனின் மணிக்கு 200 மி.லி. வேண்டும். ஒரே மூச்சில் பருக இயலாத இரைப்பைக்கு, கால்மணிக்கொரு முறை 50 மி.லி. என்பதே வழி. ஒரு முறை தவறினால் ஈடு செய்வது கடினம். கோடையில் இது போதாது. ஆதலின் நீரும் விலக்கும் விரதத்தை உடல் தேறும்வரை தளர்த்திக்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடமும் நும் குருவிடமும் முன்கூட்டியே கலந்து முடிவு செய்க. சிறுநீர் மஞ்சளாக, அளவிற் குறைந்து கழிதல் உடலில் நீர் வற்றுவதன் அடையாளம்.

இனிப்பைப் பற்றியும் ஒரு சொல். அட்சய திருதியை நாளில் ஆதிநாதர் ஓராண்டளவு உணவின்றித் திரிந்தபின், சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச்சாற்றால் பாரணை செய்தருளிய வரலாற்றை நாம் போற்றுகின்றோம். அந்நாளில் கரும்புச்சாறு வழங்குதல் நம் வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவர்க்கோ கரும்புச்சாறும் பாயசமும் 'டம்பிங்' என்னும் தொல்லையைத் தரக்கூடும். சர்க்கரை மிக விரைவாகச் சிறுகுடலை அடைவதால் அரைமணிக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும். ஸ்லீவ் செய்துகொண்டோருக்கும் இது சிறுபான்மை நேரலாம். கரும்புச்சாற்றை அவர் கைகூப்பி வணங்கி, பருகாது விடுவாராயின் அதனைக் குறையாகக் கருதாதீர்.

மாத்திரைகளுக்கு வருகின்றேன். வைட்டமின்களும் தாதுக்களும் இவர்களுக்கு வாழ்நாள் முழுதும் வேண்டுவன. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, தையமின் ஆகியன முதன்மையானவை. பி12 தாவர உணவில் இயல்பாக இல்லை. பாலும் தயிரும் ஓரளவே தரும். ஆதலின் நம்மவர்க்கு முன்னரே அது குறைந்திருத்தல் கூடும். அறுவைக்கு முன்பே குருதி ஆய்வு செய்து குறையை ஈடு செய்தல் நன்று. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்குதல் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு காபியும் தேநீரும் வேண்டா.

மாத்திரையின் மூலப்பொருள் பற்றி நம்மவர் பலர் அறியார். பெரும்பாலான கூட்டுறைகள், அதாவது கேப்சூல்கள், விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் மெழுகிலிருந்து பெறப்படுகிறது. பாசியினத்திலிருந்து பெறப்படும் டி3யும், ஈஸ்டு போன்றவற்றிலிருந்து பெறப்படும் டி2வும் உண்டு. தாவர இழையால் ஆன உறைகளும், உறையற்ற மாத்திரைகளும், ஊசி மருந்துகளும் உண்டு. எனவே மருத்துவரிடம், "எங்கள் நெறிக்கு ஏற்ற மாற்று உளதா?" என்று தயங்காது கேளுங்கள். மாற்றுக் கிடைக்கும்வரை மருந்தை நிறுத்திவிடாதீர். சிலர் ஐயம் எழுந்தவுடன் மாத்திரையையே விட்டுவிடுகின்றனர். அது பெருந்தீங்கு. மருந்தைத் தேனில் குழைத்துத் தரும் வீட்டு வைத்தியமும் நமக்கு வேண்டா. மற்றொன்று. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் இவ்விரைப்பையில் புண்ணை உண்டாக்கும். குறிப்பாகப் பைபாஸ் செய்துகொண்டோர் மருத்துவரைக் கேளாது எந்த வலி மாத்திரையும் கொள்ளுதல் ஆகாது.

இப்போது நோன்பு என்னும் பொருளுக்கு வருகின்றேன். நான் இவ்வுரையை ஆற்ற முதற் காரணம் இதுவே.

என் தங்கைக்கு ஸ்லீவ் அறுவை நடந்த நான்காம் திங்களில் தசலட்சண பருவம் வந்தது. பத்து நாளும் அவள் ஆண்டுதோறும் ஒருபொழுது உண்பவள். இறுதி நாளில் முழு உபவாசம் இருப்பவள். "இவ்வாண்டும் இருப்பேன்" என்றாள். மருத்துவர் கூடாது என்றார். "என் உடலைக் குறைத்துக்கொள்ள அறுவைக்கு உடன்பட்டேன். அறத்துக்காக ஒரு நாள் பட்டினி கிடக்க மாட்டேனா?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வினாவுக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. சாத்திரம் வல்ல பெரியவர் ஒருவரிடம் சென்றோம்.

அவர் கடிந்து கொள்ளவில்லை. தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் பதினாறு பாவனைகளை எண்ணிக் காட்டினார். அவற்றுள் ஈகைக்கும் தவத்துக்கும் முன்னால் 'சக்திக்கேற்ப' என்னும் அடை இருப்பதைச் சுட்டினார். "ஆற்றலை மறைத்துக்கொண்டு தவம் செய்யாதிருத்தலும் குற்றம். ஆற்றலை மீறிச் செய்து உடலைக் கெடுத்துப் பின் பல ஆண்டு அறம் செய்ய இயலாது போதலும் குற்றம். இவ்வாண்டு உனது சக்தி எதுவோ அதுவே உன் தவம்" என்றார்.

புறத்தவம் ஆறு என்பதை நாம் அறிவோம். அனசனம் என்னும் உண்ணாமை அவற்றுள் முதலாவது மட்டுமே. அவமோதரியம் என்னும் குறைய உண்டலும், ரசபரித்தியாகம் என்னும் சுவை துறத்தலும் அவ்வரிசையில் உள்ளன. ஆனால் ஒன்று கூற வேண்டும். அறுவையால் நூறு கிராம் உணவே கொள்ளும் என்றால், அதுவே அவமோதரியம் ஆகிவிடாது. அஃது உடலின் இயலாமை. வயிறு ஏற்கும் அந்த நூறு கிராமிலும் பாதியைக் குறைத்தல் தவமும் ஆகாது, நோயாய் முடியும். அவள் அப்பத்து நாளும் சுவையைத் துறந்தாள். உப்பும் காரமும் குறைத்த பருப்புக் குழைவை, வேளை தவறாது, அளவு குறையாது உண்டாள். உண்ணும் ஒவ்வொரு வேளையும் மௌனம் காத்தாள். இறுதி நாளில் உபவாசம் இருந்தோரின் பாரணைக்குத் தானே கஞ்சி காய்ச்சித் தந்தாள். அது நோன்பு அன்றென்று எவரும் சொல்லார்.

மருத்துவக் காரணமும் கேண்மின். சுருங்கிய இரைப்பையினர் ஒருபொழுது உண்டால் ஒரு நாளைக்குரிய சத்து அவ்வொரு வேளையில் அடங்காது. நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் உபவாசம் இருப்பின் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். தையமின் என்னும் பி1 சத்து உடலில் சில வாரத்துக்கு மேல் சேமித்து வைக்கப்படுவதில்லை. தொடர் வாந்தியோடு பட்டினியும் கூடினால் அது வற்றும். கண் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் என அது மூளையைத் தாக்கும். காலந்தாழ்த்தினால் மீளாத கேடு வரும். ஆதலின் மருத்துவர் ஒப்புதல் இன்றி, குறிப்பாக முதல் ஓராண்டில், உபவாசம் வேண்டவே வேண்டா. பெரியோர்களே, "இவ்வாண்டு நோன்பு இல்லையா?" என்று அவர்களைப் பலர் முன்னிலையில் வினவாதீர். அவ்வொரு வினாவுக்கு நாணியே சிலர் மறைவாக நோன்பிருந்து மருத்துவமனை சேர்தல் கூடும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய குறிகளையும் சொல்லிவிடுகின்றேன். முதல் வாரங்களில் காய்ச்சல், நாடி விரைந்து துடித்தல், வயிற்றிலோ இடத்தோளிலோ கடும்வலி ஆகியன தையலிடத்துக் கசிவைக் காட்டலாம். ஒரு காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறலும் குருதிக் கட்டியைக் காட்டலாம். நீரும் தங்காத வாந்தி ஒரு நாளைக் கடந்தால் காத்திருத்தல் கூடாது. எடை விரைந்து குறையும் காலத்தில் பித்தப்பைக் கற்கள் தோன்றுதலும் உண்டு. மூன்றாம் திங்கள் முதல் ஆறாம் திங்கள் வரை மயிர் உதிரும். அது பெரும்பாலும் மீண்டும் வளரும் என்பதால் அஞ்ச வேண்டா. மணமான இளம்பெண்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டுத் திங்கள் வரை கருத்தரித்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்பர் மருத்துவர். "இன்னும் விசேடம் இல்லையா?" என்று கேட்கும் உறவினர் இதனை நினைவிற் கொள்க.

உடல் தேறுதலில் நடைப்பயிற்சி மறுநாளே தொடங்குகிறது. பாரம் தூக்குதல் சில வாரம் கூடாது. பெரும்பகுதி எடை ஓராண்டு முதல் ஒன்றரையாண்டுக்குள் குறைந்து பின் நிலைகொள்ளும். அப்போது பசியும் ஓரளவு திரும்பும். முறுக்கும் மிக்சரும் இனிப்பும் இச்சிற்றிரைப்பையில் எளிதாக இறங்கும். நாள்முழுதும் கொறித்தால் எடை மீண்டும் ஏறும். அப்படி ஏறினால் நாணி மருத்துவரைத் தவிர்த்தல் கூடாது. ஏறிய எடைக்கும் மருத்துவம் உண்டு.

இறுதியாக நம் சமூகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். உடற்பருமன் ஒரு நோய். மரபணு, சுரப்பு, உறக்கம், மருந்துகள், வாழும் சூழல் எனப் பல காரணங்கள் அதற்குண்டு. "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள்" என்று ஒரு திருமண வீட்டில் என் தங்கையின் காதுபடப் பேசினர். கண்ணாடி அணிந்தவரைப் பார்த்துப் "பார்வையைக் கட்ட முடியவில்லையா?" என்று நாம் கேட்பதில்லை. வினைப்பயன் என்று சொல்லி ஒதுங்குவோரும் உளர். வினை உண்டென்று நம்பும் நாமே காய்ச்சலுக்கு மருந்துண்கின்றோம். கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் நாம், சொல்லாலும் ஓர் உயிரைத் துன்புறுத்துதல் கூடாது அன்றோ?

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் இவர்கள்பால் நாம் செய்யலாம். ஆகார தானம் என்பது இங்கே 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்தாமை. விழா விருந்தில் இளநிலையில் ஒரு வரிசையைச் சிறு கிண்ணங்களோடு, பருப்பும் காயும் மோரும் முதலாகப் பரிமாற இவ்வறக்கட்டளையினர் ஏற்பாடு செய்யின் இவர்களோடு முதியோரும் நீரிழிவுடையோரும் பயன்பெறுவர். செலவு ஒன்றும் கூடாது. ஔஷத தானம் என்பது வாழ்நாள் மாத்திரைக்கும் ஆண்டுதோறும் செய்யும் குருதி ஆய்வுக்கும் பொருளில்லாதார்க்கு உதவுதல். அறுவைக்குப் பணம் திரட்டித் தந்துவிட்டு, மாத்திரைக்கு ஆளின்றி விடுதல் பாதி உதவியே. சாத்திர தானம் என்பது இவ்வறிவைப் பிறர்க்கு உரைத்தல். நம் நெறிக்கு ஏற்ற உணவுப் பட்டியல் ஒன்றை நம்மிடையே உள்ள மருத்துவர்களும் உணவியல் அறிந்தோரும் கூடித் தமிழில் ஆக்கித் தருவார்களாயின் நான் மொழித்திருத்தம் செய்துதர அணியமாக உள்ளேன். அபய தானம் என்பது அவர்கள் இப்பந்தியில் அச்சமின்றி அமர்ந்து, இரண்டு கவளம் உண்டு, "போதும்" என்று சொல்லி எழ இயலுதல்.

இன்று நண்பகல் பந்தியில் எவரேனும் இலையில் சிறிதளவே இட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றுகொண்டிருப்பதைக் காண்பீராயின், காரணம் கேளாது அவர் பக்கத்தில் அமர்ந்து, நீங்களும் மெல்ல உண்ணுங்கள். 

ஜெய் ஜினேந்திரா!